பின்கோடு மாறலை, யூஆர்எல் மட்டும் ஏன் மாறணும்?

போடிநாயக்கனூர் பின்கோடு 625513. முன்னாடி இருக்கற 625 மதுரை வட்டாரத்தைக் குறிக்குது, பின்னாடி இருக்கற 513 போடி தபால் ஆபீஸை. 1972 ஆகஸ்ட் 15-ல பின்கோடு வந்தப்ப போடி மதுரை மாவட்டம். 1996-ல அரசாணை போட்டு தேனியைத் தனி மாவட்டமாக்கினாங்க. ஆனா பின்கோடு இன்னிக்கும் 625-லதான் ஆரம்பிக்குது. நிர்வாகம் உள்ளுக்குள்ள எப்படி மாறினா என்ன, கவர் மேல எழுதற எண்ணை ஏன் தொடணும்?

வெப் ஃப்ரேம்வொர்க்ல ரூட்டர் செய்யற வேலையும் இதேதாங்க. ஒரு யூஆர்எல் வந்தா, எந்த கன்ட்ரோலர், அதுல எந்த ஆக்‌ஷன்னு பாத்து அனுப்பி வைக்கும். சில ஃப்ரேம்வொர்க்ல கன்ட்ரோலர் பேரும் ஆக்‌ஷன் பேரும் அப்படியே யூஆர்எல் ஆயிடும். எழுதும்போது சுகமா இருக்கும். வினை பின்னாடிதான் வரும்.

போடியிலயும் புத்தடியிலயும் ஸ்பைசஸ் போர்டோட ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்குது. அந்த விலையைக் காட்டற தளம் ஒண்ணு நீங்க செய்யறீங்கன்னு வைங்க. 'விலை'ங்கற கன்ட்ரோலர் பேரை ஆறு மாசம் கழிச்சு ஒருத்தர் 'ஏலம்'னு மாத்தறார். கோட் இப்ப அழகா இருக்கு. ஆனா பூப்பாறை விவசாயி போன்ல சேத்து வச்ச லிங்க்ல 404. அன்னிக்கு வாசல்ல வந்து நிக்கற வியாபாரி சொல்றதுதான் அவருக்கு விலை. நஷ்டம் யாருக்கு? பேர் மாத்தினவருக்கு இல்லை.

அதனால என் கட்சி இது: ரூட் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல, வெளிப்படையா எழுதுங்க. "பத்து வரி கூடுதலாகுமே"ன்னா, ஆகட்டுமே! "லிங்க் தொறக்கலை சார்"னு போன் வந்தா, அந்த முகவரிய வச்சே ஆக்‌ஷனைப் பிடிச்சுடலாம். ஜாங்கோல 'ரிசால்வ்' இதுக்குத்தான் இருக்கு. ரெயில்ஸ்ல 'ரூட்ஸ்' கட்டளை கொடுத்தா மொத்தப் பட்டியலும் வரும். டெம்ப்ளேட்ல யூஆர்எல்லைக் கையால அடிக்காம, ரூட்டுக்கு ஒரு பேர் வச்சு அதைக் கூப்பிடுங்க.

மாத்தியே ஆகணுமா? பழைய முகவரியிலிருந்து புதுசுக்கு 301 போட்டு அனுப்புங்க. நல்ல முகவரி மாறாதுன்னு டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லயே எழுதிட்டார். நம்ம தபால்காரருக்கு அது அதுக்கும் முன்னாடியே தெரியும் :)