மானும் நாட்டுத் துப்பாக்கியும்

மலையடிவாரக் கிராமங்களில் உள்ள சங்கங்களின் பொதுக்குழுக் கூட்டங்களில் ஒரு கோரிக்கை இப்போது தவறாமல் எழுகிறது. புள்ளிமானும் கடமானும் காட்டுப்பன்றியும் நிலக்கடலையையும் பயற்றையும் சோளத்தையும் அழிக்கின்றன. ஆகவே பயிர்க் காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்குமாறு சங்கம் மாவட்ட ஆட்சித் தலைவருக்குத் தீர்மானம் அனுப்ப வேண்டும், துப்பாக்கி வாங்க அங்கத்தினர்களுக்கு முன்பணமும் கொடுக்க வேண்டும் என்பது அக்கோரிக்கை. இதைக் கொண்டுவருவோரின் கஷ்டத்தை நாம் அறியாதவரல்லர். தவணை தவறிய கணக்குகளுக்குக் காரணம் விசாரிக்கும்போது, மழை பொய்த்தது என்ற விடைக்கு அடுத்தபடியாக நாம் கேட்பது, பூத்து நின்ற பயறு மூன்றே இரவுகளில் தீர்ந்தது என்பதுதான். எனினும் இத்தீர்மானத்தை நாம் ஆதரிக்கவில்லை. ஜீவகாருண்யம் நல்லதே; ஆனால் நாம் இங்கே சொல்லவரும் காரணம் அதுவன்று. இந்தக் கருவி இந்த வேலைக்கு உதவாது என்பதே நம் வாதம்.

முதலில் சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உண்மையான பயிர்க் காவலுக்கு, வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்க இடம் தருகிறது. இதை மேற்கோள் காட்டுகிற நண்பர்கள் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். முன்பு கட்டணம் கட்டிப் பெறக்கூடியதாயிருந்த வேட்டை உரிமம் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு ஒழிந்தது. பயிரை அழிக்கும் சில விலங்குகளைக் கொல்லத் தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணம் காட்டி எழுத்து மூலம் உத்தரவிடலாம். வெளிமானுக்கு அந்த வழியும் இல்லை. அது முதல் அட்டவணையில் இருப்பதால் பயிர்ச்சேதத்தைக் கூறி உத்தரவு பெற முடியாது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டெல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதித்தபோதும், சுடும் பொறுப்பை வனத்துறையிடமே வைத்தது, விவசாயியிடம் கொடுக்கவில்லை. ஆக, லைசென்ஸ் கிடைத்தாலும் கிடைப்பது துப்பாக்கி மட்டுமே. அதைக் கொண்டு மானைச் சுடுபவர் சிறைக்குப் போகிறார். அவருடைய கடன் நிலுவையாகச் சங்கத்தில் தங்குகிறது.

இந்த இடத்தில், கல்லூரியில் படித்து ஊர் திரும்பிய இளைஞர்கள் அமெரிக்காவைக் காட்டுகிறார்கள். அங்கே இதே பழைய துப்பாக்கியை வைத்துக்கொண்டு குடியானவன் மான் வேட்டையாடவில்லையா என்று கேட்கிறார்கள். ஆடுகிறான். எப்படி என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பென்சில்வேனியா மாநிலத்தில் 1974 முதல் சக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் துப்பாக்கிக்கென்றே தனியாக ஒரு மான் வேட்டைப் பருவம் உண்டு. கிறிஸ்துமஸ் கழிந்த பிறகு வருவது. கொலராடோ மாநிலத்தின் விதிகள் இப்பருவத்தில் குறிபார்க்கத் தூரக்கண்ணாடி பொருத்துவதைத் தடுத்தன; மருந்தையும் வில்லையாகப் போடாமல் தூளாக அளந்தே போடச் சொல்லின. அங்கே நவீனத் துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை. ஒரே வேட்டு, குறுகிய தூரம், வெறுங்கண் என்று கருவியை வேண்டுமென்றே குறைத்து வைத்தால், வேட்டைக்குப் போகிறவர்கள் பெருகினாலும் விழும் மான்களின் தொகை கட்டுக்குள் நிற்கும் என்பது அரசாங்கத்தின் கணக்கு.

அந்த வேட்டைக்காரன் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை கவனிக்கத்தக்கது. அவன் பெரும்பாலும் எடுப்பது உட்புறம் திருகு வரிகள் வெட்டிய, ஏறக்குறைய அரை அங்குல வாயுள்ள குழல். உருண்டை ஈயக்குண்டு போடுவதானால் வரிகள் மெதுவாகச் சுற்ற வேண்டும்; 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது வெகுவாக வழங்கும் அளவு. நீண்ட குண்டானால் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்றுவரை விரைவு வேண்டும். உருண்டைக் குண்டைக் கொழுப்போ எண்ணெயோ தோய்ந்த பருத்தித் துணித்துண்டில் பொதிந்துதான் குழலில் இறக்குகிறார்கள். நெசவாளர் அங்கத்தினர்கள் இதைக் கேட்டு மகிழலாம்: துணி இழை நெருக்கமாகவும் ஒரே தடிப்பாகவும் இல்லையென்றால் குண்டு குறி தவறுகிறது. அதற்காக மெத்தை உறைக்கு நெய்யும் கெட்டித் துணியையே தேடி வாங்குகிறார்கள். ஒரு நூல் தளர்ந்தாலும் மான் பிழைத்தது. இத்தனையும் செய்தபின், குழல் நுனியிலுள்ள முளையையும் பின்னாலுள்ள பிளவையும் ஒன்றாக்கிப் பார்த்து, 50 கஜத்திலும் 75 கஜத்திலும் பலகையில் சுட்டுப் பழகி, எத்தனை தூரம்வரை எல்லாக் குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள் விழுகின்றனவோ அதுவே தன் எல்லை என்று வைத்துக்கொள்கிறான். அதற்கு அப்பால் நிற்கும் மான் எவ்வளவு கொழுத்ததானாலும் அவன் விசையைத் தொடுவதில்லை. தொடாதவனையே அங்கே நல்ல வேட்டைக்காரன் என்கிறார்கள்.

நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழலின் உட்புறம் வழவழப்பு. பின்குறி பலவற்றில் இல்லவே இல்லை. குண்டுக்குப் பதில் சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் போடுவோரும் உண்டு. 30 கஜம் தாண்டினால் அவை சிதறும். ஒன்று மானின் தொடையிலும் ஒன்று வயிற்றிலும் படும். அது ஓடிப்போய்க் காட்டில் இரண்டு நாள் கழித்துச் சாகும். பன்றியானால் காயத்தோடு புதரில் கிடந்து, காலையில் களை எடுக்க வரும் பெண்கள்மேல் பாயும்.

இவற்றையெல்லாம் திருத்தலாம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல குழல், நல்ல குறி, நல்ல பயிற்சி எல்லாம் வந்துவிட்டன. அப்போதும் ஒரு தடை மீதியிருக்கிறது. முளையும் பிளவும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் குறி. அதற்கு வெளிச்சம் வேண்டும். அமெரிக்க வேட்டைக்காரன் சுடுவது பகலில். அந்திக்குப் பின் சுடுவதை அங்குள்ள விதிகள் தடுக்கின்றன. நம் கொல்லைக்கு மான் வருவது இராத்திரியில். பரணில் இருப்பவன் குறியைப் பார்த்துச் சுடுவதில்லை. சலசலப்பைக் கேட்டுச் சுடுகிறான். விலங்கென்று எண்ணிப் பக்கத்துக் கொல்லைக்காரனைச் சுட்ட செய்திகளைப் பத்திரிகைகளில் நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். இருட்டில் சுடுவதற்குச் சங்கத்தின் பணத்தில் முன்பணம் கொடு என்று கேட்பது எப்படிப் பொருந்தும்?

ஓசைக்காகவாவது துப்பாக்கி வேண்டும் என்பர் சிலர். ஓசைக்குத் தகரமும் தப்பும் போதும். மேலும், தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். அந்த மாதம் கடலை முற்றும் மாதமாக இருந்துவிட்டால் மானுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு இரண்டொரு வார்த்தை சொல்லாமல் விடமுடியவில்லை. வெடிக்காத மருந்தின்மேல் மறதியாக மறுபடியும் மருந்து போட்டுக் குழல் பிளந்து விரல் இழந்தவர்கள் உண்டு. கெட்டிக்கும் கம்பியைக் காலிக் குழலில் இறக்கி, வாய் மட்டத்தில் ஒரு வெட்டும், மருந்தும் தக்கையும் இருக்கையில் இறக்கி இன்னொரு வெட்டும் போட்டு வைத்தால், நிறைந்திருக்கிறதா காலியா என்பது தொட்டவுடன் தெரியும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையானால் குழலை ஆளில்லாத பக்கம் திருப்பியபடி ஒரு நிமிஷமாவது பொறுக்க வேண்டும். கருமருந்தின் கரி இரும்பைத் தின்னும். சுட்ட அன்றே வெந்நீரால் கழுவித் துடைத்து எண்ணெய் இட வேண்டும். தண்ணீர்க் குழாயை வெட்டிச் செய்த குழலுக்கு நம்மிடம் யோசனை ஒன்றே: அதை ஒப்படைத்துவிடுங்கள்.

துப்பாக்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோவது நியாயமன்று. கைவிடப்பட்ட விவசாயி அடுத்துத் தேடுவது அவுட்டுக்காய், அல்லது வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் விடுவது. தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் 2023ஆம் ஆண்டு மார்ச்சில் அவ்வாறு விட்ட கம்பியில் மூன்று யானைகள் மாண்டன. விவசாயி கைதானார். ஆகவே சங்கம் பணம் கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்கும் இடம் வேறு.

தனித்தனி வேலிக்குத் தனித்தனிக் கடன் கொடுப்பதில் நமக்கு நம்பிக்கை குறைவு. ஒருவர் வேலி போட்டால் மான் அடுத்தவர் கொல்லைக்குப் போகிறது. நூலைத் தனித்தனியே வாங்கிக் கடனாளியான நெசவாளர்கள் சேர்ந்து வாங்கக் கற்றதுபோல, அடுத்தடுத்த நிலக்காரர்கள் சேர்ந்து ஒரே வளையமாக வேலி எடுத்தால் செலவு பங்கிட்டுக் குறையும். சதுரத்தின் பக்கத்தை இரட்டித்தால் சுற்றளவு இரண்டு மடங்காகும். பரப்பு நான்கு மடங்காகும். பத்தாம் வகுப்புக் கணக்குத்தான். சூரிய ஒளியில் இயங்கும் துடிப்பு வேலி, தொட்டவுடன் உதறவைத்து விடுவதே தவிரக் கொல்வதில்லை. காப்புக்காட்டை அடுத்த நிலங்களில் அதைப் போடுமுன் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையிடம் முன் அனுமதி பெற வேண்டும். இந்த எழுத்து வேலையைச் சங்கக் காரியதரிசி எல்லோருக்குமாகச் செய்து கொடுக்கலாம். பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டுவதையும் நாம் ஏளனம் செய்யமாட்டோம். சில நாளைக்காவது பயன் தருகிறது. தறியிலிருந்து இறங்கியது முதல் அந்தச் சேலை பார்த்த வேலைகளில் இதுவும் ஒன்று. ஆனால் மான் பழகிவிடும். காய் பிடிக்கும் மூன்று வாரத்தில் மட்டும் கட்டுவது நல்லது.

காவலும் அப்படியே. பத்துக் கொல்லைக்குப் பத்துப் பரணில் பத்துப் பேர் விழித்திருப்பதைவிட, முறைவைத்து இருவர் விழித்து எண்மர் உறங்குவது மேல். சேதமான பயிருக்கு நிவாரணம் கேட்டு வனத்துறைக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. விண்ணப்பங்கள் காலம் கடந்தும் அளவு குறிக்காமலும் போவதால் தள்ளப்படுகின்றன. சேதம் கண்ட மறுநாளே சர்வே எண்ணும் பரப்பும் எழுதி, படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று பெற ஒரு பதிவேடு சங்கத்தில் இருக்கட்டும். துப்பாக்கி முன்பணத்துக்கான தீர்மானம் வருகிற பொதுக்குழுவில் மறுபடியும் வருமானால், இந்தப் பதிவேட்டையும் கூட்டு வேலிக் கடனையும் திருத்தமாக முன்மொழியும்படி நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். துணைவிதியில் கூட்டுக் கடனுக்கு இடமில்லாத சங்கங்கள் முதலில் அதைத் திருத்தி, பதிவுக்கு அனுப்பிவைக்க வேண்டும்.