காது சொல்வதா? கருவி சொல்வதா?

ஒலிபெருக்கி ஒன்று வாங்க வேண்டுமென்று ஒருவர் ஆசைப்படுகிறார். விலை கொஞ்ச நஞ்சமல்ல. ஆகவே இரண்டு விமர்சனங்களைப் படித்துப் பார்க்கிறார். முதல் விமர்சகர், "தேனாக இனிக்கிறது, பாடகரே எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டார்!" என்று உருகுகிறார். இரண்டாமவரோ வளைகோட்டுப் படம் ஒன்றைப் போட்டு, "ஒரே மேடும் பள்ளமும், தேறாது" என்று தீர்த்துவிடுகிறார். பொருள் ஒன்று, தீர்ப்பு இரண்டு. பணத்தை எண்ணிக் கையில் வைத்திருப்பவர் யாரை நம்புவது?

இந்த வழக்கு இன்று நேற்று தோன்றியதல்ல. அமெரிக்காவில் கோர்டன் ஹோல்ட் என்ற விமர்சகர் 1962-ல் 'ஸ்டீரியோஃபைல்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். எண்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. வீட்டில் வைத்துக் கேட்டு, கேட்டதை எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. அதே காலத்தில் ஜூலியன் ஹிர்ஷ் என்பவர் பரிசோதனைச் சாலையில் அளந்து பார்த்து எழுதிப் பெயர் பெற்றார். காதுக் கட்சி, கருவிக் கட்சி என்று ரசிகர்களும் இரண்டாகப் பிரிந்தார்கள்.

கண் செய்த சூது

முதலில் காதுக் கட்சியை விசாரிப்போம். 1994-ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், ஹார்மன் என்ற நிறுவனத்தில் பணிபுரிந்த 40 பேரை உட்கார வைத்து ஒரு பரீட்சை நடத்தினார்கள். நான்கு ஒலிபெருக்கிகள். ஒரு முறை அவை, ஒலியைத் தடுக்காத திரைக்குப் பின்னால் இருந்தன; இன்னொரு முறை கண்ணெதிரே இருந்தன. கேட்டவர்கள் மார்க் போட வேண்டும்.

நடந்தது என்ன? திரை விலகியதும் பெரிய, விலை உயர்ந்த பெட்டிகளுக்கு மார்க் ஏறியது. திரைக்குப் பின்னால் நல்ல பெயர் எடுத்த சின்னஞ்சிறு மலிவுப் பெட்டிக்கோ மார்க் இறங்கியது! ஒலி மாறவில்லை, பெட்டியைப் பார்த்த கண்தான் காதுக்குள் புகுந்து தீர்ப்பைத் திருத்திவிட்டது. இவர்கள் பொய் சொன்னார்கள் என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது. அப்படித்தான் தங்களுக்குக் கேட்டது என்று அவர்கள் மனதார நம்பினார்கள். வேடிக்கையும் அதுதான், விபரீதமும் அதுதான்.

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. இரண்டில் ஒன்று சற்றே உரக்க ஒலித்தால் போதும். பலருக்கு அதுவே தெளிவாகவும் இனிமையாகவும் படும். சத்தத்தைச் சமன் செய்யாமல் ஒப்பிட்டு எழுதும் விமர்சனம், எடைக்கல் இல்லாத தராசுதான்.

கருவியும் சறுக்கும்

அப்படியானால் கருவிக்கு மாலை போட்டுவிடலாமா? அவசரப்பட வேண்டாம். ஜப்பானின் யமஹா நிறுவனம் 1978-ல் 'என்.எஸ்.10' என்ற பெட்டியை வீட்டு உபயோகத்துக்காக வெளியிட்டது. அதன் வளைகோடு சமதளமாக இல்லை. நடு ஸ்தாயி துருத்திக் கொண்டிருந்தது. வீடுகளில் அதற்கு நல்ல வரவேற்பும் இல்லை. ஆனால் ஒலிப்பதிவு நிபுணர்கள் அதை விடவில்லை. உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் அந்த வெள்ளைக் கூம்பு குடியேறிவிட்டது.

காரணம் 2001-ல்தான் அளவீட்டிலேயே தெளிவாக வெளிப்பட்டது. அந்தப் பெட்டி ஒலியை எழுப்பியதும் சட்டென்று நிறுத்தியும் விடுகிறது. கீழ் ஸ்வரங்கள் இழுபட்டுக் குழம்புவதில்லை என்று பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். காது பொய் சொல்லவில்லை. கருவியிடம் நாம் கேட்ட கேள்விதான் போதவில்லை.

பழைய அளவீடுகளின் குறை வேறொன்றும் உண்டு. ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே ஒரு மைக்கை வைத்து அளப்பார்கள். ஆனால் ஒலி நேராக மட்டுமா வருகிறது? பக்கவாட்டில் பரவி, சுவரிலும் கூரையிலும் மோதி, பிறகும் நம் காதை வந்து அடைகிறது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையே பாதிப் பாட்டைப் பாடிவிடுகிறது! ஆகவே பெட்டியைச் சுழற்றிப் பல கோணங்களில் அளக்கும் முறை வந்தது. டூல், அதற்கு முன்பே கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் இப்படி அளந்து, கண்ணை மறைத்துக் கேட்டவர்களின் தீர்ப்போடு ஒப்பிட்டு, 1985, 1986-ல் வெளியிட்டார். இரண்டும் பெரிதும் ஒத்துப் போயின. முறையாகக் கேட்ட காதும், முறையாக அளந்த கருவியும் பகையாளிகள் அல்ல என்று தெரிந்தது.

தீர விசாரிப்பதே மெய்

ஆகவே, சண்டை காதுக்கும் கருவிக்கும் இல்லை. அரைகுறையாகக் கேட்பதற்கும் அரைகுறையாக அளப்பதற்கும்தான் என்பது நம் கட்சி. இரண்டும் முரண்படும்போது ஒன்றைக் குப்பையில் போடுவது சோம்பேறித்தனம். காது ஏமாந்ததா, அல்லது கருவி கேட்க வேண்டியதைக் கேட்கவில்லையா என்று ஆராய்வதே விமர்சகரின் வேலை. அதற்குத்தானே வாசகர் காசு கொடுக்கிறார்?

விமர்சகர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுக் குறிப்பு எழுதிவிட வேண்டும். முடிந்தால் பெயரையும் விலையையும் திரை போட்டு மறைத்துக் கேட்க வேண்டும். பிறகு அளக்க வேண்டும். தம் காது தோற்றிருந்தாலும் வெட்கப்படாமல் இரண்டையும் அச்சிட வேண்டும். கேட்டு எழுதும் முறைக்கு வழி காட்டிய கோர்டன் ஹோல்ட்டே, தம் முதிய வயதில் 2007-ல், கண்ணை மறைத்துச் சோதிக்க மறுத்ததால்தான் இந்தத் துறை தன் நம்பகத்தை இழந்தது என்று மனம் நொந்து சொன்னார். தம் சொந்தக் கட்சியையே கண்டிக்கத் துணிந்த அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம் போடலாம்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தார்கள். அவர்கள் ஒலிபெருக்கியை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் கடைக்குப் போகிறவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது. பெட்டியின் பளபளப்பைப் பார்க்கத் தோன்றினால், ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், கைப்பணமாவது மிஞ்சும்!