பழைய ஐஎஸ்ஓ ஃபைலை அழிக்காதீர்கள்!

சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளியில் பத்து பழைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் நிறுவிக் கொடுக்கப் போனேன். என் பென் டிரைவில் இருந்தது ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய ஐஎஸ்ஓ. நிறுவும் வேலை மதியத்துக்குள் முடிந்துவிட்டது. பிறகுதான் தலைவலி. பத்து கம்ப்யூட்டர்களும் ஒன்றரை ஆண்டு அப்டேட்களைக் கேட்டன. அங்கே இருந்ததோ என் மொபைல் இணைப்பு ஒன்றுதான். இரண்டு கம்ப்யூட்டர்களுக்குள் அன்றைய டேட்டா தீர்ந்தது. மற்ற எட்டையும் பாதுகாப்புக் குறைகளோடு விட்டுவிட்டு வந்தேன். தவறு என்னுடையதுதான். புதிய ஐஎஸ்ஓவை முழுதாக டவுன்லோட் செய்யச் சோம்பல்பட்டதன் விளைவு இது. ஆனால் முழுதாக டவுன்லோட் செய்யவே தேவையில்லை என்பதுதான் வேடிக்கை.

ஷிப்இட் திட்டத்தில் உபுண்டு சிடியைத் தபாலில் இலவசமாகப் பெற்றவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். 2011-ல் நிறுத்தப்பட்ட திட்டம் அது. அன்று முழு இயங்குதளமும் 700 எம்பி சிடி ஒன்றில் அடங்கியது. உபுண்டு 24.04 டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ ஏறக்குறைய 6 ஜிபி. "இப்போதுதான் இணையம் மலிவாகிவிட்டதே?" என்று நீங்கள் கேட்கலாம். ஃபைபர் இணைப்பு உள்ளவர்களுக்கு அது சரி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி என்று அளந்து தரும் மொபைல் பேக்கை நம்பியிருக்கும் வீட்டில் 6 ஜிபி என்பது நான்கு நாள் கணக்கு. அந்த நான்கு நாளும் வீட்டில் வேறு யாரும் இணையத்தைத் தொடக்கூடாது!

சரி, புதிய ஐஎஸ்ஓவில் உண்மையிலேயே புதியது எவ்வளவு? டெபியனை எடுத்துக்கொள்வோம். 2023 ஜூனில் டெபியன் 12 வந்தது. அதன் பிறகு 12.1, 12.2 என்று திருத்தப் பதிப்புகள் வந்தன. இவற்றில் பாதுகாப்புக் குறைகளும் முக்கியமான பிழைகளும்தான் சரிசெய்யப்படும். பெரும்பாலான பேக்கேஜ்கள் அப்படியே இருக்கும். வாக்காளர் பட்டியலில் சில பெயர்கள் கூடினால் துணைப் பட்டியல் ஒன்றை இணைத்தால் போதும். நாமோ ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் புதிதாக அச்சடித்துக்கொண்டிருக்கிறோம்.

மாறிய பகுதியை மட்டும் பெறும் வழி புதிதல்ல. 1996-ல் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கெராஸும் ஆர்சிங்க் என்ற புரோகிராமை வெளியிட்டார்கள். ஃபைலைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாள எண்ணைக் கணக்கிட்டு, இரு பக்கமும் ஒப்பிட்டு, வேறுபடும் துண்டுகளை மட்டும் அனுப்புவது இதன் வேலை. ஒரே சிக்கல், கேட்பவர் ஒவ்வொருவருக்காகவும் சர்வர் உழைக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் வரும் தளத்துக்கு இது சுமை.

காலின் ஃபிப்ஸ் எழுதிய இசட்சிங்க் இந்தச் சுமையை நம் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டது. அடையாள எண்களை ஒருமுறை கணக்கிட்டு ஒரு சிறிய ஃபைலாக ஐஎஸ்ஓவின் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும். நம்மிடம் உள்ள பழைய ஐஎஸ்ஓவில் எந்தெந்தத் துண்டுகள் இருக்கின்றன என்று இசட்சிங்க் பார்த்துக்கொள்ளும். இல்லாதவற்றை மட்டும் சாதாரண வெப் சர்வரிலிருந்தே எடுத்துவரும். உபுண்டு தளங்களில் ஐஎஸ்ஓவுக்கு அருகிலேயே இசட்சிங்க் ஃபைலும் இருப்பதைப் பார்க்கலாம்.

டெபியனின் வழி ஜிக்டோ. இதை மளிகை லிஸ்ட் என்று சொல்லலாம். ஐஎஸ்ஓவில் என்னென்ன பேக்கேஜ்கள் வேண்டும் என்ற பட்டியல் முதலில் வரும். பழைய ஐஎஸ்ஓவை மவுண்ட் செய்து காட்டினால், வீட்டில் இருக்கும் சரக்கை எடுத்துக்கொண்டு, இல்லாததை மட்டும் வாங்கிவந்து புதிய ஐஎஸ்ஓவைக் கட்டித் தந்துவிடும்.

இதில் குறையே இல்லையா என்றால், உண்டு. லைவ் ஐஎஸ்ஓவில் எல்லா ஃபைல்களும் சுருக்கப்பட்டு ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கும். சுருக்கும் முறையோ வரிசையோ மாறினால் பொருந்தும் துண்டுகள் குறைந்துவிடும். அடுத்தடுத்த நாள் தயாரிப்புகளுக்குள் இசட்சிங்க் நன்றாக உதவும். 22.04-ஐ வைத்து 24.04-ஐப் பெற நினைத்தால் மிச்சமாவது மிகக் குறைவு. இன்னொன்று, பழைய இசட்சிங்க் பாதுகாப்பான ஹெச்டிடிபிஎஸ் முகவரிகளை ஏற்காது. அதனால் வேலை முடிந்ததும் எஸ்ஹெச்ஏ256 எண்ணை அந்த இயங்குதளத்தின் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம்.

என் வருத்தமெல்லாம் வேறு. இவ்வளவு எளிய வசதியைப் பல லினக்ஸ் வெளியீட்டாளர்கள் தருவதே இல்லை. விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவுக்கும் இது கிடையாது. வெளியீட்டாளர் செய்ய வேண்டியது ஒரு சிறிய ஃபைலை உருவாக்கி வைப்பது மட்டுமே. அவருடைய சர்வர் செலவும் இதனால் குறையும். வேகமான இணைப்பில் உட்கார்ந்து மென்பொருள் எழுதும் என்னைப் போன்றவர்களுக்கு அளந்து செலவழிக்கும் வீடுகள் நினைவுக்கு வருவதில்லை. காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுத் தரும்படி உங்களிடமும் யாராவது கேட்கலாம். பழைய ஐஎஸ்ஓவை அழிக்காமல் வைத்திருங்கள். கிளம்புவதற்கு முந்தைய இரவு அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பத்து கம்ப்யூட்டர்களும் பத்து முறை டவுன்லோட் செய்வதை நீங்கள் ஒருமுறை, அதுவும் மாறியதை மட்டும், செய்தால் போதும். அந்த எட்டு கம்ப்யூட்டர்களுக்காக நானும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.