அம்புயாவின் வளவு

“அங்கே யார் வீட்ல தங்குவே?”

சாம்பியாவின் கிராமச் சுகாதார நிலையம் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் தொண்டராகப் பணியாற்றப் போகிறேன் என்று என் தோழி சொன்னதும் அவளுடைய அம்மா கேட்டது இதை மட்டும்தான். மலேரியாவைப் பற்றியோ பாம்பைப் பற்றியோ கேட்கவில்லை. நர்ஸ் வேலையில் பழுத்த அனுபவம் உள்ளவள் என் தோழி. அனுப்பிய அமைப்பு ஊருக்கு வெளியே சுற்றுச்சுவர் வைத்த குவார்ட்டர்ஸைக் காட்டியது. அவள் அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஊருக்குள் ஒரு பாட்டியின் வளவில் ஓர் அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சென்ற ஜூலையில் அவளைப் பார்க்கப் போன நானும் அங்கேதான் தங்கினேன்.

தலைநகர் லுசாகாவிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் அவள் இருக்கும் கட்டேட்டே வரும். செவா இன மக்களின் மண் அது. சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஜூலை விடியல்களில் பல் கிட்டும். அறுவடை முடிந்த நேரம். வளவின் நடுவே, கால் நாட்டி உயர்த்திய பின்னல் குதிரில் மக்காச்சோளம் நிறைந்திருந்தது. 2024இல் எல்நினோ வறட்சியால் பயிர் கருகி, அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் நாடே பேரிடர் அறிவித்தது. அப்போது இந்தக் குதிர் பல மாதம் காலியாகக் கிடந்ததாம். அதனால்தானோ என்னவோ, அந்தப் பக்கமாகப் போகும் ஒவ்வொரு முறையும் பாட்டி அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்.

பாட்டியை எல்லோரும் ‘அம்புயா’ என்றே கூப்பிட்டார்கள். அவர் வளவுக்குள் யாரும் நேரே நுழைவதில்லை. ஓரத்தில் நின்று “ஓடி!” என்று குரல் கொடுத்து, பதில் வந்த பிறகே வருவார்கள். உட்கார்ந்து, மெல்லக் கைதட்டி, உறங்கினீர்களா, பிள்ளைகள் நலமா என்று ஒவ்வொன்றாக விசாரித்து முடிக்கும்வரை வந்த காரியத்தைப் பேசமாட்டார்கள். சுகாதார நிலையத்தில் தோழியும் இப்படித்தான் தொடங்குகிறாள். கர்ப்பிணிகள் தன்னிடம் மறைக்காமல் பேசுவதற்கு இதுவே காரணம் என்கிறாள். எடைபோடவும் ஊசி போடவும் அவளுக்கு முன்பே தெரியும். இப்படி விசாரிப்பதை அம்புயாதான் சொல்லிக்கொடுத்தார்.

சாப்பாடு ன்ஷிமா. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் தூவிக் கஞ்சியாக்கி, மேலும் மாவு சேர்த்து மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். தோள் கழன்றுவிடும். நம் கேழ்வரகுக் களிக்கு அண்ணன் முறை. உருட்டி, கட்டைவிரலால் குழித்து, வேர்க்கடலைப் பொடி சேர்த்து வெந்த பூசணி இலையை அள்ளி வாயில் போட்டால், மறு கவளத்துக்குக் கை தானாகப் போகும். சாப்பிடும் முன் ஒரு சிறுமி மண்டியிட்டு எல்லோர் கையிலும் நீர் வார்ப்பாள். ஆண்களும் பையன்களும் தனியே உண்பார்கள். அந்த மண்டியிடுதல் எனக்கு ஒப்பவில்லை. தோழிக்கும் இன்றுவரை ஒப்பவில்லை.

ஆனால் அதே ஊரில் பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண்ணின் ஊருக்கு வந்து வீடு கட்டுவது பழைய வழக்கம். குடும்பச் சிக்கலில் கடைசி வார்த்தை தாய்மாமனுடையது. வீட்டை விட்டுப் போ என்று அம்புயாவிடம் சொல்ல எந்த ஆணாலும் முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த ஊரைப் பற்றித் தீர்ப்பு எழுதக்கூடாது.

அம்புயாவின் இரண்டு மகள்கள் எய்ட்ஸில் போய்விட்டார்கள். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2000களின் நடுப்பகுதியில்தான். அது அவர்களுக்குப் பிந்திவிட்டது. அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். அந்தப் பிள்ளைகள் லுசாகாவில் வேலைக்குப் போய்விட்டதால், இப்போது அவர்களின் பிள்ளைகளும் இவர் வளவில்தான். ஒரு நாட்டின் பேரழிவை இப்படி எத்தனையோ கிழவிகள் சத்தமில்லாமல் தோளில் தாங்கினார்கள். அவர்களுக்கு யாரும் தொண்டர் என்று பெயர் சூட்டவில்லை.

அவர்களுக்கு உதவும் வழி தெரியாததல்ல. 2003இல் கலோமோ மாவட்டத்தில் சோதனையாகத் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்த ரொக்க உதவித் திட்டம் இப்படிப்பட்ட வீடுகளுக்கு நேரடியாகப் பணம் தருகிறது. 2022 முதல் அரசுப் பள்ளியில் மேல்நிலை வரை கட்டணமில்லை. அம்புயாவின் கொள்ளுப்பேத்தி ஒன்பதாம் வகுப்பில் படிப்பது அதனால்தான்.

நம் ஊரையும் அந்த ஊரையும் இணைக்கும் ஒன்று வளவுக்குப் பக்கத்திலேயே நின்றது: இந்தியா மார்க் 2 அடிபம்பு. 1970களில் யூனிசெஃப் துணையோடு சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் கிரடாஸ் நிறுவனம் உருவாக்கி, கோவைப் பகுதியில் சோதித்த பம்பு. விடியலில் அதன் பிடியை அழுத்தும் சத்தத்தில்தான் ஊர் எழுகிறது. எளிதில் பழுதாகாமல் உழைக்கும் உறுதிதான் அதன் பெருமை. உதவி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பணத்தில் நடக்கும் அநாதை இல்லங்கள் அப்படி அல்ல. உலகெங்கும் அவற்றில் இருக்கும் குழந்தைகளில் மிகப் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், வறுமைதான் பிரிக்கிறது. இரண்டு வாரம் போய்க் குழந்தைகளைக் கொஞ்சிப் படமெடுத்துத் திரும்பும் சுற்றுலாத் தொண்டு அந்தப் பிரிவுக்குத் தீனி போடுகிறது. கடுமையாகத்தான் சொல்கிறேன், பாட்டியின் மடியில் வளரும் பிள்ளைகளைப் பார்த்த பிறகு மென்மையாகச் சொல்ல வரவில்லை.

உங்கள் மகனோ மகளோ தொண்டுக்காக வெளிநாடு போக விரும்பினால் தடுக்காதீர்கள். ஒரு வருடத்துக்குக் குறையாமல் போகட்டும். கிளம்பும் முன் அந்த ஊர் மொழியைக் கொஞ்சமாவது படிக்கட்டும். விடுதியில் தங்காமல் ஒரு குடும்பத்தோடு தங்கட்டும். நீங்கள் பணம் அனுப்புகிறவராக இருந்தால், பிள்ளையைத் தன் வீட்டிலேயே வைத்து வளர்க்க உதவும் திட்டமாகத் தேடி அனுப்புங்கள்.