முதலில் ஆசிரியர் நுழையட்டும்

மாணவர் வாசிப்பதில்லை என்று ஆசிரியர் அறையில் நாள்தோறும் புலம்புகின்றோம். புலம்பும் நாம் இடைநிலைப்பள்ளி நூலகத்தினுள் கடைசியாக நுழைந்தது எப்போது? ஆசிரியர் வராத பாடவேளையில் பிள்ளைகளை அடைத்துவைக்கும் கொட்டகையாக அதனை ஆக்கியவர்கள் நாமே அல்லவா?

டியூவி பகுப்பில் தமிழிலக்கியத்திற்குரிய எண் 894.811. அந்தத் தட்டு தம் பள்ளியில் எங்குள்ளது என்று எத்தனை தமிழாசிரியர் கைநீட்டிக் காட்டுவர்? சென்னையில் 1931இல் ஐந்து நூலக விதிகளை வெளியிட்ட எஸ்.ஆர். இரங்கநாதன் பயன்பாட்டையே முதலில் வைத்தார். நாமோ பூட்டை முதலில் வைக்கின்றோம். பின்னட்டைக் குறிப்பைப் பெயர்த்தெழுதிய நூற்சுருக்கத்திற்கும் கையொப்பமிடுகின்றோம். அந்நூலை நாம் படித்திருந்தால் ஒரே வினாவில் கள்ளம் வெளிப்பட்டுவிடும்!

செய்யவேண்டியது மலையைப் பெயர்க்கும் வேலையன்று. கட்டுரைப் பாடத்திற்கு ஒரு வாரம் முன்னரே நூலகப் பொறுப்பாசிரியரிடம் தலைப்பைச் சொல்லி நூல்களை எடுத்துவைக்கலாம். தோட்டப்புற வாழ்க்கை தலைப்பானால், ஒரு குழு நாவலிலும் மற்றொரு குழு வரலாற்று நூலிலும் செய்தி தேடட்டும். இரண்டும் முரண்படுமிடத்தில் மாணவர் வாய் திறப்பர். அவ்வேளையில் ஆசிரியர் மூலையில் அமர்ந்து பயிற்சி நூல் திருத்திக்கொண்டிருந்தால் யாவும் வீண்.

தேர்வு நெருங்குகிறது, நேரமில்லை என்பார்கள். தேர்வுக் கட்டுரையில் நாற்பது பேரும் ஒரே பழமொழியை ஒரே இடத்தில் எழுதுவது எதனால் என்பதையும் அவர்களே சொல்லட்டும்.