சன்மானமும் சிகிச்சையும்

அறுவைச் சிகிச்சையின் தரத்தைப் பண ஊக்கத்தால் உயர்த்தலாம் என்ற நம்பிக்கையுடன், அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் நிர்வாகம் 2003-ஆம் ஆண்டு முதல் ஆறாண்டுக் காலம், மூட்டு மாற்று, இருதய பைபாஸ் முதலிய சிகிச்சைகளில் முன்னணியில் நின்ற ஆஸ்பத்திரிகளுக்கு 2 சதவிகிதம் வரை அதிகப்படியான தொகை வழங்கி நடத்திய பரீட்சையில், விதித்த முறைகளின் அனுஷ்டானம் செம்மையுற்றதேயன்றி, பைபாஸ் நோயாளிகளின் 30 நாள் மரண விகிதம் மற்ற ஆஸ்பத்திரிகளைவிடக் குறைந்ததாக 2012-இல் வெளியான ஆராய்ச்சியில் தென்படவில்லை.

விதிகளை அனுசரிப்பதற்கு விலை வைத்தால் விதிகளே அனுசரிக்கப்படும். உயிர் காக்கும் திறமையோ, தாதிகளின் போதிய எண்ணிக்கையாலும், வைத்தியர்களின் அப்பியாசத்தாலும், தவறுகளை அஞ்சாமல் ஒப்புக்கொண்டு திருத்தும் சம்பிரதாயத்தாலுமே விருத்தியடையும். ஆகவே, சன்மானத்தைச் சிகிச்சையின் பலனோடு பிணைப்பதுடன், கடும் நோயாளிகளை ஏற்கும் ஆஸ்பத்திரிகள் அதனால் நஷ்டமடையாவண்ணம் நோயின் தீவிரத்தையும் கணக்கிலெடுப்பது அரசாங்கத்தின் தலையாய கடமையாகும்.