தோற்ற திட்டமும் தோற்காத திட்டமும்

2024 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மே மாதம் முதல், தன்னிடமோ தன் கூட்டாளி விமான நிறுவனங்களிடமோ நேரடியாக டிக்கெட் எடுப்பவருக்கும், தான் பட்டியலிடும் ஏஜென்சிகளில் எடுப்பவருக்கும் மட்டுமே தன் ஆட்வான்டேஜ் பயணிகள் திட்டத்தின் மைல்ஸ் கிடைக்கும் என்றது. ஒப்பந்தம் போட்டிருக்கும் கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு. மற்ற ஏஜென்சிகளில் எடுத்தால் அதே ஃப்ளைட், அதே சீட், அதே பணம். மைல்ஸ் மட்டும் கிடையாது. பட்டியலில் இடம்பெற முதல் கட்டமாக 30 சதவீத புக்கிங்காவது என்டிசி என்ற புதிய விற்பனை இணைப்பு வழியாக வர வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டே தன் கட்டணங்களில் சுமார் 40 சதவீதத்தைப் ஏஜென்சிகள் டிக்கெட் எடுக்கும் பழைய ஜிடிஎஸ் திரையிலிருந்து அது எடுத்துவிட்டிருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஏஜென்சிகளும் அவற்றை நம்பியிருந்த கம்பெனிகளும் போட்டி விமானங்களின் பக்கம் திரும்பின. மே 28 அன்று நிறுவனம் தன் வருவாய்க் கணிப்பைக் குறைத்தது. மறுநாள் பங்கு விலை 13 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. மைல்ஸ் கட்டுப்பாடு வராது என்று தலைமைச் செயல் அதிகாரி ராபர்ட் ஐசம் அறிவித்தார். வணிகப் பிரிவுத் தலைவர் வாசு ராஜா வெளியேறினார். அந்த விற்பனைக் கொள்கையால் அந்த ஆண்டில் 150 கோடி டாலர் வருவாய் கைவிட்டுப் போகும் என்று பின்னர் நிறுவனமே கணக்குச் சொன்னது.

டிராவல் ஏஜென்ட்களான நம் தொழிலில் பலர் இந்தத் தோல்வியைக் கொண்டாடினார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

மைல்ஸைக் கட்டுப்படுத்தும் எண்ணம் ஏன் அமெரிக்கனுக்கு வந்தது என்று பார்க்க வேண்டும். 1981 மே மாதம் ஆட்வான்டேஜ் தொடங்கியபோது, பறந்த தூரத்துக்குப் பரிசு என்பதே கணக்கு. 2015-இல் டெல்டாவும் யுனைடெட்டும், மறு ஆண்டு அமெரிக்கனும், தூரத்தை விட்டுச் செலவழித்த பணத்துக்கு மைல்ஸ் தரத் தொடங்கின. கோவிட் காலத்தில் உண்மை இன்னும் வெளிச்சமானது. விமானங்கள் தரையில் நின்றபோது, மைல்ஸ் திட்டத்தை அடமானம் வைத்து யுனைடெட் 680 கோடி டாலரும் டெல்டா 900 கோடியும் திரட்டின. 2021 மார்ச்சில் அமெரிக்கன் 1,000 கோடி. கிரெடிட் கார்டு வங்கிகள் மைல்ஸை மொத்தமாக விலைக்கு வாங்குவதால்தான் அதற்கு அப்படியொரு மதிப்பு. வங்கி காசு கொடுத்து வாங்கும் சரக்கை ஏஜென்ட் விற்ற டிக்கெட்டுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று ஒரு நிர்வாகி யோசித்ததில் வியப்பில்லை.

அவர் கோட்டைவிட்டது வேறிடத்தில். கம்பெனிப் பயணத்தில் மைல்ஸ் போவது பயணிக்கு. பணம் கட்டுவது கம்பெனி. டிக்கெட் எடுக்க முடிவு செய்வது அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு நிர்வாக மேலாளர். அவருக்கு வேண்டியது சரியான பில், மாதக் கடன், ராத்திரி பதினொரு மணிக்கு மீட்டிங் தள்ளிப்போனால் தேதி மாற்றித் தர ஒரு ஆள். அவருடைய விசுவாசத்தை எந்தத் தங்க அட்டையாலும் வாங்க முடியாது.

ஆனால் சத்தம் போட்டுச் செய்து தோற்றதைச் சத்தமில்லாமல் செய்து ஜெயிக்க முடியும். பிரிட்டிஷ் ஏர்வேஸை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை–லண்டன் பிசினஸ் கிளாஸில் ஒருமுறை போய்வந்தால் முன்பு 280 டியர் பாயிண்ட். ஆறு முறை போய்வந்தால் கோல்டு அந்தஸ்துக்கான 1,500-ஐத் தாண்டிவிடலாம். 2025 ஏப்ரல் 1 முதல் கோல்டுக்கு 20,000 பாயிண்ட். அரசு வரி நீங்கலாகச் செலவழிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் ஒரு பாயிண்ட். அதாவது, நாம் தேடிப் பிடித்துக் கொடுக்கும் சலுகைக் கட்டணம் வாடிக்கையாளரின் பாயிண்டைக் குறைக்கும். இன்னொன்று: அவர்களுடைய சொந்த ஹாலிடே பேக்கேஜில் ஹோட்டலுக்குக் கட்டும் பணமும் கணக்கில் சேரும், நாம் தனியாக எடுத்துத் தரும் ஹோட்டலுக்கு ஒன்றும் சேராது. எந்த ஏஜென்ட்டையும் பட்டியலிலிருந்து நீக்காமலேயே காரியம் முடிந்துவிட்டது. எதிர்ப்பு வந்தபோது சில சலுகைகளைச் சேர்த்தார்கள். அடிப்படைக் கணக்கு அசையவில்லை. ஏர் இந்தியாவும் 2024-இல் செலவுக் கணக்குக்கு மாறிவிட்டது. நம் கவுண்டருக்கு வரும் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு இன்னும் அது தெரியாது.

இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. யுனைடெட்டின் மைலேஜ்பிளஸ் உறுப்பினர் ஒருவர் சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக அமெரிக்கா போகிறார் என்று வையுங்கள். டிக்கெட் எண் யுனைடெட்டின் 016-இல் தொடங்கினால் பணக் கணக்கு. அதே பயணத்தை லுஃப்தான்ஸாவின் 220-இல் எழுதினால் தூரமும் புக்கிங் கிளாஸும் கணக்கு. மலிவான கட்டணத்தில் நீண்ட தூரம் போகிறவருக்கு இரண்டாவது பெரும்பாலும் லாபம். கட்டணம் ஏற ஏற முதலாவது முந்தும். விலையைப் பார்த்து வாங்குகிறவருக்கு இதைச் செயலிகள் பெரும்பாலும் எடுத்துச் சொல்வதில்லை. டிக்கெட் அடிக்கும் நமக்கு முதல் மூன்று எண்ணைப் பார்த்தாலே தெரியும்.

தெரிந்தும் சொல்கிறோமா? பிஎன்ஆரில் உறுப்பினர் எண்ணைக்கூடப் போடாமல் டிக்கெட் அடிக்கிற கடைகள் நம்மிடையே நிறைய. பயணம் முடிந்து வாடிக்கையாளர் கேட்டால், “போர்டிங் பாஸ் இருக்கா சார், நீங்களே ஆன்லைன்ல கிளைம் பண்ணிக்குங்க” என்பது நம் வழக்கமான பதில். இப்படிப் பதில் வாங்கிய ஆள் அடுத்த டிக்கெட்டை நேரடியாகவே எடுப்பார். அதற்கு எந்த விமான நிறுவனமும் தடையறிவிப்பு போடத் தேவையில்லை.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மாதமே உங்கள் கம்பெனி வாடிக்கையாளர்களின் பயணி விவரங்களைத் திறந்து, உறுப்பினர் எண் இல்லாத இடங்களைக் கேட்டு நிரப்புங்கள். கோட் செய்யும்போது கட்டணத்துக்குப் பக்கத்திலேயே அந்த டிக்கெட்டுக்கு எத்தனை பாயிண்ட் வரும் என்பதையும் ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். அதற்குச் சேவைக் கட்டணம் வாங்கத் தயங்க வேண்டாம்.